பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது

சென்னையின் விளையாட்டு வரலாற்றை மயிலாப்பூர் புச்சிபாபு நாயுடுவில் தொடங்குவது வழக்கம். சேப்பாக்கத்தில் வெள்ளையர் கிளப் இந்தியர்களை ஒதுக்கியதால் 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். சுயமரியாதைக் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் 'நம்மை ஒதுக்கினார்கள்' என்பவர்கள் அந்த 'நம்மில்' யார் யார் இருந்தார்கள் என்று சொல்வதில்லை.

அதே காலத்தில் அடையாற்றின் தென்கரையில் இன்னொரு கதை. 1894-இல் ஊரூர் சேரிப் பிள்ளைகளுக்காக ஆல்காட் ஒரு இலவசப் பள்ளி திறந்தார். அவருக்குப் பின் பிரம்மஞான சபைத் தலைவரான அன்னி பெசன்ட், 1909-இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் வேறு மாதிரி எழுதினார்: இந்தப் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாதாம், உடல் நாறுகிறதாம், அது சுத்தமாகத் தலைமுறைகள் ஆகுமாம். அண்ணல் அம்பேத்கர் இதைத் தம் நூலில் எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். பெசன்ட் நகர் பஸ்ஸில் ஏறும்போது நினைவில் வையுங்கள் தோழர்களே.

சாதி முதலில் உடலைப் பற்றியது. பள்ளி விளையாட்டை நான் முக்கியமாக நினைப்பது அதனால்தான். தொடாமல் கபடி ஆட முடியாது. 1920-இல் ஹாரி பக் தொடங்கி, இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இங்கே பி.டி. வாத்தியார்களை உருவாக்கியது. டிரில் வரிசையில் உயரப்படிதான் நிற்க வேண்டும், சாதிப்படி அல்ல.

ஆனால் மைதானத்துச் சமத்துவம் மைதானத்தோடு முடிந்துவிடலாம். புனேயில் பல்வங்கர் பாலூ வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, தனிக் கோப்பையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் அவர்.

நம் பகுதிப் பள்ளிகளில் நான் பார்க்கும் தனிக் கோப்பை வேறு. மண்டலப் போட்டி வரை அந்தப் பையன் பள்ளியின் பெருமை. விட்டுப்போன பாடத்தைச் சொல்லித்தர ஆளில்லை. பத்தாம் வகுப்பில் 'விளையாட்டுப் புத்தி' என்று பெயர். அரசு வேலையில் 3% விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அந்தச் சான்றிதழுக்கு முன்னால் ஷூ, முட்டை, பயணச்செலவு, பயிற்சியாளர் என்று எத்தனை படிகள்!

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் வாழும் கண்ணகி நகரின் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். கொண்டாடுவோம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போவோம்: பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எத்தனை முறை கடன் வாங்கினார்? அணியில் உள்ள பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பது யார்?