செயற்கை இடுப்பு மூட்டை அகற்றும் கருவிகள்: ஒரு வரலாறு

செயற்கை இடுப்பு மூட்டு பொருத்துவதைப் பற்றி நிறையப் படிக்கிறோம். பொருத்தியதை வெளியே எடுக்க நேர்ந்தால் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி அவ்வளவாகப் படிப்பதில்லை. மூட்டு தளர்ந்தாலோ, தேய்ந்தாலோ, உடைந்தாலோ, கிருமித் தொற்று ஏற்பட்டாலோ அதை அகற்றிவிட்டு வேறொன்று பொருத்த வேண்டியிருக்கும். இதை மறு அறுவை என்பர். இந்த அறுவையில் விலைமதிப்பற்றது புதிய மூட்டு அன்று, நோயாளியிடம் எஞ்சியிருக்கும் எலும்பே. பழைய மூட்டை எடுக்கும்போது எலும்பு உடைந்தால், புதிய மூட்டு பற்றிக்கொள்ள இடம் இருக்காது. ஆகவே, எலும்பைக் காப்பாற்றிக்கொண்டு மூட்டை மட்டும் எடுக்கும் கருவிகளை உருவாக்குவது மருத்துவத்தில் தனித் துறையாகவே வளர்ந்துள்ளது.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு ஒரு பந்துக் கிண்ண மூட்டு. தொடை எலும்பின் மேல்முனை பந்து, இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணம். செயற்கை மூட்டில் பொதுவாக 4 உறுப்புகள் உண்டு. தொடை எலும்பின் உட்குழாயில் இறங்கும் உலோகத் தண்டு, தண்டின் தலையில் அமரும் பந்து, குழியில் பதியும் கிண்ணம், கிண்ணத்தின் உள்ளே இருக்கும் வழவழப்பான உறை ஆகியவை அவை. பந்தையும் உறையையும் கழற்றுவது ஓரளவு எளிது. எலும்போடு பிணைந்திருக்கும் தண்டையும் கிண்ணத்தையும் எடுப்பதே கடினம்.

சார்ன்லி கற்ற பாடம்

ஜெர்மானிய அறுவை மருத்துவர் தெமிஸ்டோக்லிஸ் குளுக் 1891-இல் யானைத் தந்தத்தால் மூட்டு செய்து பார்த்தார். ஆயினும் இன்றைய முறைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அவர் 1958 முதல் டெஃப்லான் என்னும் பிளாஸ்டிக்கைக் கிண்ணத்துக்குப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து, துகள்கள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தன. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. அவர்களில் பலருக்குச் சார்ன்லியே மறு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. 1962 நவம்பரில் அவர் பாலிஎதிலீனுக்கு மாறினார். அதன் பிறகே இந்த அறுவை உலகெங்கும் பரவியது. ஆக, பொருத்தும் கலையும் அகற்றும் கலையும் ஒரே மருத்துவரின் கையில் சேர்ந்தே வளர்ந்தன எனலாம்.

சிமெண்ட்டைப் பெயர்த்தல்

சார்ன்லி தண்டையும் கிண்ணத்தையும் பதிக்க அக்ரிலிக் சிமெண்ட்டைப் பயன்படுத்தினார். அது பசைபோல ஒட்டுவதில்லை. செங்கல்லுக்கு இடையில் சாந்து நிற்பதுபோல எலும்பின் நுண்ணிய இடைவெளிகளில் புகுந்து இறுகிக்கொள்ளும். தண்டு தளர்ந்து வெளியே வந்துவிட்டாலும், குழாயின் அடியாழத்தில் சிமெண்ட் கெட்டியாக நிற்கும். அதை எடுக்க நீண்ட ஒடுங்கிய உளிகள், கொக்கிகள், துளைகருவிகள் ஆகியவை செய்யப்பட்டன. ஆபத்து என்னவென்றால், சிமெண்ட் எலும்பைவிடக் கடினமாக நிற்கும் இடங்களில் உளி வழுக்கி எலும்புச் சுவரைத் துளைத்துவிடும்.

1990-களில் மீயொலிக் கருவிகள் இதற்குத் துணைக்கு வந்தன. அதிரும் முனை பட்ட இடத்தில் சிமெண்ட் மென்மையாகிவிடும். எலும்பின் கெட்டியான சுவரைத் தொட்டால் கைக்குத் தடை தெரியும், ஒலியும் கீச்சென்று மாறும். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் காதும் கையும் வழிகாட்டும்படி அமைந்த கருவி இது.

ஒட்டியதே இடையூறானது

1980-களில் சிமெண்ட் இல்லாத மூட்டுகள் பெருகின. இவற்றின் உலோகப் பரப்பில் நுண்துளைகள் இருக்கும். எலும்பு அந்தத் துளைகளுக்குள் வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். இது பெரும் முன்னேற்றம். ஆனால் அத்தகைய மூட்டில் கிருமித் தொற்று ஏற்பட்டால், உறுதியாக நிற்கும் மூட்டையே பிடுங்க வேண்டும். எந்தப் பிடிப்பைப் பாராட்டினோமோ அதுவே அப்போது இடையூறாகிறது.

வலிமையால் இழுத்தால் உலோகத்தோடு எலும்பும் பெயர்ந்து வரும். எனவே உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய எல்லையில் மட்டும் வெட்டும் கருவிகள் தேவைப்பட்டன. வளைந்து கொடுக்கும் மெல்லிய உளிகள், அதிவேகச் சுழல்முனைகள், தண்டின் அடிப்பகுதியைச் சுற்றி வெட்டும் குழாய் வடிவ ரம்பங்கள் ஆகியவை வந்தன. 1894-இல் இத்தாலிய மகப்பேறு மருத்துவர் லியோனார்டோ ஜிக்லி, கடினமான பிரசவங்களுக்காக அறிமுகப்படுத்திய கம்பி ரம்பமும் இதற்குப் பயன்பட்டது.

இவை போதாதபோது தொடை எலும்பையே நீளவாக்கில் வெட்டிக் கதவுபோலத் திறந்து, தண்டை எடுத்தபின் மீண்டும் மூடிக் கம்பியால் கட்டுவர். ஹைன்ஸ் வாக்னர் 1987-இல் வெளியிட்ட இந்த முறையை, சிகாகோவின் வேய்ன் பாப்ரோஸ்கியும் அவருடைய குழுவினரும் 1995-இல் விரிவுபடுத்தினர். தாறுமாறாக உடைவதைவிடத் திட்டமிட்டு வெட்டினால் எலும்பு நன்றாகக் கூடும் என்பதே இதன் அடிப்படை.

தேங்காய்ப் பருப்பும் கிண்ணமும்

கிண்ணத்தை எடுக்க முன்பு கையால் வளைந்த உளிகளை அடித்து இறக்குவர். உளி சற்றே விலகினாலும் இடுப்பெலும்பில் பெரும்பள்ளம் விழும். 2000-களின் தொடக்கத்தில் வளைந்த அலகுகள் கொண்ட கருவிகள் வழக்கத்துக்கு வந்தன. இவற்றின் நுனியில் ஒரு பந்து உண்டு. அது கிண்ணத்தின் உறைக்குள் அச்சாக அமரும். கிண்ணத்தின் வெளிவட்ட அளவுக்கேற்ற மெல்லிய அலகு அந்த அச்சைச் சுற்றிச் சுழலும். முதலில் குட்டை அலகு விளிம்பில் வழி செய்யும், பிறகு முழு அலகு அடிவரை செல்லும். சிரட்டைக்கும் தேங்காய்ப் பருப்புக்கும் இடையில் வளைந்த கத்தியைச் சுழற்றிப் பருப்பை முழுதாக எடுப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வெட்டும் பாதையைக் கை முடிவு செய்யாமல் வட்டத்தின் மையமே முடிவு செய்வதுதான் இதன் சிறப்பு.

இந்தியாவில் நடந்தது

இந்தக் கருவிகளின் தேவையை இந்தியாவில் வெளிச்சமிட்டுக் காட்டியது ஏ.எஸ்.ஆர். மூட்டு விவகாரம். டிப்யூ நிறுவனத்தின் இந்த மூட்டில் உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசியது. கோபால்ட், குரோமியம் ஆகியவை கசிந்து பலருக்குத் திசு சிதைந்தது. பிரிட்டனின் பதிவேட்டின்படி 5 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 12 முதல் 13 விழுக்காட்டினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. 2010 ஆகஸ்ட்டில் நிறுவனம் இதை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகில் ஏறத்தாழ 93,000 பேருக்கும், இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கும் இது பொருத்தப்பட்டிருந்தது. 2017-இல் இந்திய அரசு மருத்துவர் அருண் குமார் அகர்வால் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க அக்குழு பரிந்துரைத்தது.

நம் நாட்டில் இடுப்புப் பந்துக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு மடிவதால் இளவயதிலேயே மூட்டு மாற்றிக்கொள்வோர் பலர். 35 வயதில் மூட்டு பொருத்தியவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மறு அறுவையைச் சந்திக்க நேரலாம். அவருக்கு முதல் அறுவையில் காக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டர் எலும்பும் அடுத்த அறுவைக்கான சேமிப்பு.

எடுப்பதையும் எண்ணிச் செய்தல்

கடலூர் மாவட்டம் வேப்பூர்ப் பகுதி மாணவர்களுக்கு விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் தெரிந்ததே. பீங்கான் பொம்மை செய்வோர் களிமண் குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, களிமண் சற்றே சுருங்கி விலகும். கழுத்து போன்ற ஒடுங்கிய இடங்களில் பொம்மை சிக்காமலிருக்க அச்சையே பல துண்டுகளாகச் செய்வர். எப்படி ஊற்றுவது என்பதோடு எப்படி எடுப்பது என்பதையும் அச்சு செய்யும்போதே எண்ணிவிடுகிறார்கள்.

மூட்டு வடிவமைப்பிலும் இதற்கு நல்ல சான்று உண்டு. ராபின் லிங் என்ற மருத்துவரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் உருவாக்கிய தண்டு 1970-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அது கூம்பி, வழவழப்பாக இருந்தது. 1976-இல் அதன் பரப்பைச் சொரசொரப்பாக்கினர். பிடிப்பு கூடும் என்று நினைத்ததற்கு மாறாகத் தளர்ச்சி அதிகரித்தது. 1986-இல் மீண்டும் வழவழப்புக்கே திரும்பினர். அந்தத் தண்டு பல்லாண்டுகள் உழைக்கிறது. வேண்டும்போது தட்டினால் சிமெண்ட்டை விட்டு எளிதில் வெளிவரவும் செய்கிறது. பழைய சிமெண்ட் நன்றாக இருந்தால், அதற்குள்ளேயே புதிய தண்டைப் பதிக்கலாம். எலும்பைத் தொடவே வேண்டாம். நீண்ட நாள் நிற்பதும் எளிதில் வெளிவருவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நோயாளிகளும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூட்டின் நிறுவனப் பெயர், வகை, அளவு ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு அறுவைக் குறிப்பில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் கழித்து, எந்த அளவு அலகு வேண்டும், எந்தப் பந்து பொருந்தும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே அறிந்து ஆயத்தமாக அந்தச் சிறு தாள் உதவும்.