குடியிருப்பு மனையின் வரலாறு

வண்டலூரிலிருந்து வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் கூடுமிடம் ஒரகடம். அங்குச் சற்றே நின்று நோக்குவோர் கண்ணில் முதற்படுவன தொழிற்சாலைகளின் மதில்கள். அடுத்துப் படுவன மனை விற்பனைப் பலகைகள். மனையின் விலையையும் அதன் வருங்கால ஏற்றத்தையும் கூறும் அப்பலகைகள், அந்நிலத்தின் பழைய செய்தியைக் கூறுவதில்லை. மனை வாங்குவோர்க்கும் வீட்டை வாடகைக்கு விடுவோர்க்கும் அறிவுரை வழங்குவார் இன்று பலர். ஆயினும் இவ்வட்டாரத்து மண்ணே தரும் அறிவுரை ஒன்றுண்டு. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன். மாணவர்களாகிய உங்களுக்கு மனை வாங்கும் கவலை இன்று இராது. வேலைக்குச் சென்று முதல் மாதம் வாடகை கொடுக்கும் நாள் மட்டும் தொலைவில் இல்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919-ஆம் ஆண்டினது. மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. குடவோலை முறையைக் கூறுவன என்று பள்ளியிலேயே இவற்றைப் படித்திருப்பீர்கள். ஆனால் குடத்தில் யார் பெயரை இடலாம் என்ற விதியைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவனாதல் வேண்டும். தன் சொந்த மனையிற் கட்டிய வீட்டிற் குடியிருப்பவனாதல் வேண்டும். வயது, கல்வி, ஒழுக்கம் முதலியன பிறகு வருகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும், அவனுடைய உறவினரும் தகுதி இழந்தனர். கணக்கில் இத்துணைக் கண்டிப்பாக இருந்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். எனினும் அது பிராமணர் ஊராகிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. பிறர் மனையிற் குடியிருந்து பிறர் நிலத்தில் உழைத்தவர் பெயர் அக்குடத்தினுள் புகவில்லை. மனையிருந்தால் ஊரிற் சொல்லுண்டு, மனையில்லையேல் சொல்லில்லை. விதி எழுதியோர் இவ்வாறு கூறவில்லை. ஆனால் விதியின் விளைவு அதுவே.

அங்கு ஏரி வாரியம் என்று ஒரு தனிக்குழுவும் இருந்தது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் நாடு ஏரிகளின் நாடு. மேலேரியின் நீர் கீழேரிக்கு வாய்க்கால் வழியே செல்லும். 2015 டிசம்பர் 1-ஆம் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தபோது, ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாற்று வழியே பாய்ந்து, முடிச்சூர், வரதராசபுரம் வீடுகளுள் புகுந்தது. அங்கு மனை வாங்கியோர் பலர் தண்ணீர் வரும் வழியைப் பற்றி யாரையும் கேட்டதில்லை. இதனை ஈண்டு இவ்வளவில் விட்டு, மனையும் சொல்லும் என்ற செய்திக்கு வருவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாடு ஆங்கிலக் கம்பெனியின் ஜாகீராயிற்று. நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை தேடிய அதிகாரிகள், இங்குக் காணியாட்சி என்னும் உரிமை வேரூன்றியிருப்பதைக் கண்டனர். அதனை மிராசு என்று அழைத்தனர். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை மிராசு உரிமை பற்றி எழுதிய விடைகள் 1818-இல் அச்சாயின. தென்னிந்திய மொழிகள் ஒரு குடும்பம் என்று 1816-இலேயே காட்டிய அதே எல்லிஸ்தான் இவர். மிராசுதாரர் ஊரின் பங்காளிகள். அவர்க்குக் கீழே உட்குடிகளும் புறக்குடிகளும் பயிர் செய்தனர். அவர்க்கும் கீழே பண்ணையாட்களும் படியாட்களும் இருந்தனர். ஊரில் தரிசாய்க் கிடந்த நிலத்தையும் முதலிற் கேட்கும் உரிமை மிராசுதாரருக்கே இருந்தது. தாமே உழாவிடினும் பிறர் அதனைப் பெறவொட்டாது தடுத்தல் அவர்க்கு இயன்றது.

இந்நிலையின் முழுப்பொருளையும் அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தவர் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர். 1891-இல் அவர் எழுதிய அறிக்கை பறையர் மக்களின் நிலையை ஆராய்கிறது. கூலி குறைவு, கடன் மிகுதி, கல்வியின்மை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அவர் விரல் வைத்துக் காட்டிய இடம் வேறு. சேரியிற் குடிசை நின்ற மனையே மிராசுதாரருடையது என்று கொள்ளப்பட்டது. உழைப்பவன் கூலியை உயர்த்திக் கேட்டால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். சொல்லவும் வேண்டியதில்லை, சொல்லக்கூடும் என்ற அச்சமே போதும். கூலி கொடுப்பவனும் குடியிருப்புக் கொடுப்பவனும் ஒருவனேயாயின், ஒரு கையால் மறுப்பதை மறு கையாற் பறித்தும் காட்டலாம். ஆயிரம் பக்கம் எழுதும் பொருளாதார நூல்களிலும் இவ்வுண்மை இவ்வளவு தெளிவாக விளங்குவது அரிது என்பது என் கருத்து.

அறிக்கையின் பயனாக 1892-இல் சென்னை அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் அதனை விற்கவோ ஒற்றி வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் அதே வகுப்பாருக்கன்றிப் பிறர்க்குக் கைமாற்றலாகாது என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என இன்று வழங்குவது இதுவே. நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலங்கள் பல. அவற்றை மீட்கக் கோரிய போராட்டத்தில், செங்கற்பட்டு வட்டாரத்துக் காரணை நிலத்தை ஒட்டி, 1994 அக்டோபர் 10-ஆம் நாள் காவல் துறையினர் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர்.

மனை வாங்குவோர் இங்கே சற்று நிற்றல் வேண்டும். முப்பதாண்டு வில்லங்கச் சான்று தெளிவாயுள்ளது என்று தரகர் காட்டுவார். அச்சான்று பதிவான பத்திரங்களின் பட்டியலேயன்றி வேறன்று. இன்று முப்பதாண்டு பின்னோக்கிச் சென்றால் 1990-களில் நிற்போம். நிலத்தின் நிபந்தனையோ 1892-க்குப் பின் எழுந்தது. ஆகவே வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும், பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும், ஒப்படைப்பு ஏதேனும் இருந்ததா என்பதையும் பார்த்தல் வேண்டும். வாய்க்கால், ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு என்பனவும் அங்கேதான் வெளிப்படும். இது வாங்குபவனின் பணத்துக்குக் காப்பு. ஆனால் அதற்கும் மேலாக, யாரோ ஒருவருடைய பாட்டன் முதன்முறை தனக்கெனப் பெற்ற மண்ணை அறியாமலேனும் பறித்தவனாகாமல் இருத்தற்கும் அது வழி.

மனையும் கூலியும் ஒரே கையிற் சேர்வதன் விளைவு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சிகாகோ நகருக்கருகே, இரயில் பெட்டி செய்யும் முதலாளியாகிய ஜார்ஜ் புல்மன் 1880-களில் தம் தொழிலாளர்க்கென ஓர் ஊரையே அமைத்தார். செங்கல் வீடுகள், பூங்கா, நூலகம் எல்லாம் இருந்தன, கண்டோர் வியந்தனர். 1893-இல் தொழில் மந்தம் வந்தபோது கம்பெனி கூலியைக் குறைத்தது, வாடகையைக் குறைக்கவில்லை. 1894-இல் வேலைநிறுத்தம் வெடித்தது, நாடெங்கும் இரயில்கள் நின்றன, படை வந்தது, உயிர்கள் மாய்ந்தன. தொழிலுக்கு வேண்டாத வீடுகளை விற்றுவிடுக என இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1898-இல் அக்கம்பெனிக்குத் தீர்ப்பளித்தது.

மீண்டும் ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்த் தொழிற்சாலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டினர். 1998-இல் கார்கள் வெளிவந்தன. நோக்கியா 2006-இல் கைப்பேசி செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் வந்தது. வெளியூர்களிலிருந்து இளைஞரும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வந்தனர். சுற்றூர்களில் வீட்டின் பின்புறத்திலும் மாடியிலும் வரிசை வரிசையாய் அறைகள் எழுந்தன. ஒரே ஆலையை நம்பிக் கடன் வாங்கி அறை கட்டியோரும் உண்டு. 2014 நவம்பர் 1-இல் நோக்கியா ஆலை நின்றது. தொழிலாளி ஊருக்குத் திரும்பலாம், கட்டடம் திரும்புவதில்லை. ஒரே வாசலைப் பார்த்து வீடு கட்டியவர்கள் அதனை அன்று உணர்ந்தனர்.

2021 டிசம்பரில் நிகழ்ந்தது இன்னும் நினைவில் இருத்தற்குரியது. பாக்ஸ்கான் ஆலையிற் பணிபுரிந்த பெண்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 150-க்கு மேற்பட்டோர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். தங்குமிடமும் உணவும் தாமே தேர்ந்தவை அல்ல. வேலையோடு சேர்ந்து வந்தவை. அவற்றைக் குறை கூறினால் வேலைக்கே இடையூறு வருமோ என்ற அச்சம், திரமென்ஹீர் சேரியிற் கண்ட அச்சத்தின் உறவாகும். அச்சத்தையும் மீறி அப்பெண்கள் இரவில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரியில்தான் மீண்டும் திறந்தது. பின்னர் 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பை எழுப்பித் திறந்தது. நல்ல கட்டடம் வேண்டியதே. எனினும் புல்மனின் செங்கல் வீடுகளும் நல்லவையாகவே இருந்தன.

தனி அறை வாடகைக்கு விடும் சிறு உரிமையாளரின் இடம் இங்கேதான் விளங்குகிறது. ஆலைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஆதலால் அவர் வீட்டிற் குடியிருப்பவர் ஆலையிற் பேசலாம். ஆனால் அவரும் நினைத்தபோது வெளியேற்றுவாரானால் அவ்வேறுபாடு மறைந்துபோகும். 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்கு மாற்றாகத் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பெற்ற சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. உடன்படிக்கை எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறது அது. குடியிருப்பவரை வெளியேற்றுதற்கெனத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தலாகாது என்றும் விதிக்கிறது. ஒப்பந்தத்தாள் பலருக்குச் சடங்காகத் தோன்றும்; வாய்ச்சொல்லே போதாதா என்பர். சேரிக் குடிசைக்கும் வாய்ச்சொல்தான் இருந்தது.