பொன்–வெள்ளி கரிம உலோக அணைவுகள்

பொன், வெள்ளி என்ற இரு உலோகங்களும் ஒரே மூலக்கூறில் அமையும் ஒளிரும் சேர்மங்கள். ஸ்பெயினின் சரகோசா, லா ரியோஹா பல்கலைக்கழகங்களில் அந்தோனியோ லகுனா, ஹோசே மரியா லோபெஸ் டி லுசுரியாகா ஆகியோரின் குழுக்கள் இவற்றை விரிவாக ஆராய்ந்தன.

தயாரிப்பு முறை அழகானது. ஐந்து ஃப்ளோரின் அணுக்கள் கொண்ட இரண்டு ஃபீனைல் வளையங்கள் ஒரு பொன் அணுவுடன் பிணைந்தால் எதிர்மின் அயனி கிடைக்கும். எலக்ட்ரான் செறிந்த அந்தப் பொன் அணு, லூயிஸ் காரமாக நடந்து, வெள்ளி உப்பிலிருந்து வரும் வெள்ளி அயனியைப் பற்றிக்கொள்கிறது. துணைக்கு வேறு பாலம் தேவையில்லை. இரு உலோகங்களும் நேரடியாக நெருங்குகின்றன. இரு உலோகங்களும் நேர் ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்தும் விலகாமல் ஈர்ப்பதுதான் வியப்பு. பொன்னின் கனமான கருவைச் சுற்றும் எலக்ட்ரான்களின் சார்பியல் விளைவு இதற்குத் துணைநிற்கிறது. பொன் அணுக்களிடையே நிலவும் இத்தகைய ஈர்ப்புக்கு ஜெர்மானிய வேதியியலர் ஹூபர்ட் ஷ்மிட்பவுர் தனிப் பெயரே சூட்டினார்.

இந்த நெருக்கமே ஒளியின் ஊற்று. புற ஊதாக் கதிர் பட்டதும் பல சேர்மங்கள் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் ஒளிர்கின்றன.

வெள்ளியோடு ஈதர் ஒட்டியிருக்கும் வகையில், கரைப்பான் ஆவி பட்டால் ஈதரின் இடத்தை அது பிடிக்கிறது; நிறமும் ஒளிர்வும் மாறுகின்றன. ஆவியாகும் கரிமப் பொருள்களைக் கண்டறியும் உணரிகளுக்கு இப்பண்பு மிகப் பொருத்தமானது. வெள்ளிக்குப் பதில் தாலியம் சேர்த்த பொன் அணைவுகளிலும் ஆவியால் நிறம் மாறும் பண்பு உண்டு. ஆனால் தாலியம் கொடிய நஞ்சு.