ரத்தம் பதில் சொல்லும் நாள்

சில வாரங்களுக்கு முன் அடையாற்றில் என் முன்னாள் மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். பழைய வகுப்புகளைப் பற்றி நெடுநேரம் பேசியபின், சட்டைப் பையிலிருந்து ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையை எடுத்தார். "ஹெர்ப்பிஸ்னா நம்ம ஊர் அக்கிதானே ஐயா? அகராதியில அப்படித்தான் இருக்கு" என்றார். ஐயத்துக்குரிய உறவு நிகழ்ந்து நான்கே நாளில் எடுத்த சோதனை. 'இல்லை' என்று முடிவு வந்ததில் அவருக்குப் பெரும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு இன்னும் நாளாகவில்லை என்று நான் சொல்லவேண்டியிருந்தது.

முதலில் சொல். அக்கி என்பது, சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் நரம்பில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழுவது. குயவர் வீட்டில் காவி குழைத்து 'அக்கி எழுதுவது' அதற்குத்தான். பால்வினை ஹெர்ப்பிஸ் அதே குடும்பத்தின் வேறு வைரஸ்களால் வருவது. பால்வினை நோய்களுக்கு அயலான் பெயரைச் சூட்டுவதும் பழைய வழக்கமே. 16ஆம் நூற்றாண்டு 'பாவப்பிரகாசம்' ஒரு நோயைப் 'பிரங்க ரோகம்' என்றது. தமிழிலும் 'பறங்கிப்புண்' உண்டு. 'யாரால் வந்தது' என்ற கேள்வி நம்மிடம் எப்போதும் முந்திக்கொள்கிறது. 'எப்போது தெரியும்' என்பது பிந்தியே வருகிறது.

இவ்விரு கேள்விகளும் ஒருசேர எழுந்த ஆண்டு 1986. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் குறித்து ஆராயுமாறு தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவைத் தூண்டினார். காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா ரத்தம் சேகரித்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்தார். பிப்ரவரியில் கணவருடன் இரவு ரயிலேறிக் காட்பாடி வழியாக வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுசென்றார். ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் நடந்த எலிசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின. அந்த முடிவை அவர்கள் உடனே ஏற்றுவிடவில்லை. சோதனையைத் திரும்பச் செய்தனர். அப்பெண்களிடம் மீண்டும் ரத்தம் எடுத்தனர். அமெரிக்காவில் 'வெஸ்டர்ன் பிளாட்' முறையில் உறுதிப்படுத்தினர். அதன்பின்னரே சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் அறிவித்தார்.

அறிவியல் இவ்வளவு பொறுமை காத்தது, சமூகம் காக்கவில்லை. ரத்தம் எதற்கு என்று அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதைப் பிற்காலத்தில் நிர்மலாவே கூறியிருக்கிறார். கிருமி உள்ளது என்பதற்காகவே காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்ட பெண்கள் வெளியேற 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் தலையிடவேண்டியிருந்தது. 1993இல் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், பின்னர் அடையாற்றை ஒட்டிய தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் இயங்கியது. சோதனையோடு ஆலோசனையும் வேண்டும் என்பதை அது தன் பணியாகவே கொண்டது. ஒப்புதலின்றி எச்.ஐ.வி. சோதனை கூடாது என்பது 2017இல் சட்டமாயிற்று.

வேலூரில் மஞ்சளாகத் தெரிந்தது வைரஸ் அன்று. வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள். அது உருவாக நாளாகும். தொற்றுக்கும் அது புலப்படும் நாளுக்கும் இடைப்பட்டதே 'சாளரக் காலம்'. என் மாணவர் நின்றது அங்கேதான். ஹெர்ப்பிஸ் தொற்றியிருந்தால் கொப்புளம் பெரும்பாலும் 2 முதல் 12 நாளில் தோன்றும். பலருக்குத் தோன்றாமலும் போகும். கொப்புளம் கண்டால் காத்திருக்கக் கூடாது. அது காய்ந்து பொருக்குத் தட்டுமுன் மருத்துவரிடம் காட்டி, அதன் நீரில் பி.சி.ஆர். சோதனை செய்வதே நம்பகமானது. கொப்புளமே இல்லையென்றால் ஐ.ஜி.ஜி. ரத்தச் சோதனைக்கு 12 வாரம் பொறுக்கவேண்டும். ஐ.ஜி.எம். சோதனை பயன்படாது. ஐ.ஜி.ஜி. அளவு எல்லைக்குச் சற்றே மேலிருந்தால் வேறொரு முறையில் உறுதிசெய்யவேண்டும். ஆறு மஞ்சள் மாதிரிகளுக்கு 1986இல் செய்தது போல. அறிகுறியே இல்லாதவர் அனைவருக்கும் இந்தச் சோதனை தேவையென்று மருத்துவர்கள் பரிந்துரைப்பதுமில்லை.

எச்.ஐ.வி.யின் கணக்கு வேறு. ஆய்வுக்கூடத்தில் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாளில் தெளிவான விடை தரும். தடுப்பு மருந்து மட்டும் 72 மணிநேரத்துக்குள் தொடங்கப்படவேண்டும். "அது எனக்குத் தெரியாதே ஐயா" என்றார். அந்த 72 மணிநேரம் முந்தைய நாளே கடந்திருந்தது. அவர் அதைக் கூச்சத்தில் கழித்திருந்தார்.

அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் இலவசம் என்றேன். முடிவு அவருடையது, யாரும் அதை அவர்மேல் வீசமுடியாது என்றும் சொன்னேன். 1986இல் அந்தப் பெண்களிடம் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அவர் அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாட்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொண்டார்.