இரட்டைமலையாரின் சிறுநூல்

தென்னாப்பிரிக்காவின் விடுதலைத் தலைவர் நெல்சன் மண்டேலாவின் தன்வரலாறு 1994-ஆம் ஆண்டு வெளிவந்தது. ராபன் தீவுச் சிறையில் இரவுகளில் மறைவாக எழுதத் தொடங்கப்பட்ட நூல் அது. எழுதிய தாள்களை உடனிருந்த கைதிகள் பொடி எழுத்தில் நகலெடுத்தனர்; மூலப்படியைச் சிறைத் தோட்டத்து மண்ணில் புதைத்தனர்; அதிகாரிகள் அதனைத் தோண்டி எடுத்துத் தண்டித்தனர். இவ்வரலாற்றை வாசித்து உள்ளம் நெகிழ்ந்த நம் பங்கு இளைஞர் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம்மிடம் வந்து, "சாமி, நம் தமிழிலே இப்படி ஒருவர் தம் கதையைத் தாமே எழுதி வைத்திருக்கிறாரா?" என்று வினவினார்.

எழுதி வைத்திருக்கிறார். 1939-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் இயற்றிய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்பது அந்நூல். ஒரே அமர்வில் வாசித்து முடிக்கத்தக்க சிறுநூல்தான். ஆயினும் அதனைக் கீழே வைத்தபின் நமக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

சீனிவாசனார் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-இல் பிறந்தவர். கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அங்குத் தம்முடன் படித்த ஏறத்தாழ 400 மாணவரில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர் என்று குறிப்பிடுகிறார். நூலில் நம் மனத்தை முதலில் தைத்த பகுதி இதுவே. பிள்ளைகளோடு பழகினால் வீடு எங்கே, குலம் எது என்று கேட்பார்கள். அறிந்தால் இழிவாக நடத்துவார்கள். எனவே அச்சிறுவர் பள்ளிக்கு வெளியே எங்கேனும் ஓரிடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பின்பே வகுப்புக்குள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்காதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். எவரும் அவரை அடித்ததாக இங்கே எழுதப்படவில்லை. அடி விழுமோ என்னும் அச்சத்திலேயே ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பருவம் கழிந்துவிட்டது என்பதுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆசிரியராகவோ மறைக்கல்வி கற்பிப்போராகவோ பணிபுரியும் நம் வாசகர்கள் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

இவ்வாறு தம் பெயரை மறைத்து ஓடிய சிறுவரே, பின்னாளில் அப்பெயரை வீதியில் கூவி விற்கச் செய்தார் என்பது வியப்புக்குரியது. நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றி, 1890-இல் சென்னைக்கு வந்தவர், 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். நான்கே பக்கங்கள். திங்கள் இதழாகத் தொடங்கிப் பின்னர் வார இதழாயிற்று. பிறர் வசைச்சொல்லாக ஆண்ட பெயரையே இதழுக்கு ஏன் சூட்ட வேண்டும்? தம்மை இன்னார் என்று மறைக்கும்வரை ஒருவன் உரிமை கேட்க முடியாது. தன் பெயரோடு முன்வந்து நின்றால்தான் கேட்க முடியும் என்பது அவர் கொண்ட நியாயம். கோயம்புத்தூர்ப் பள்ளி வாயிலில் அவர் கற்ற பாடம் அதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.

1900-இல் இலண்டன் செல்லும் நோக்குடன் புறப்பட்டவர், ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்து, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்த நாள்முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் ஆயிரமாயிரம். அங்கே காந்தியடிகளோடும் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஊரிலே சாதியின் பேரால் விலக்கப்பட்டவரும் விலக்கியவரும் அந்நாட்டிலே வெள்ளையர் கண்ணுக்கு ஒரே 'கூலி' ஆயினர். இதைக் கண்ணால் கண்ட ஒருவர் என்ன நினைத்திருப்பார்? நூல் 'சுருக்கம்' ஆகிவிட்டதால் அவ்வாண்டுகளைப் பற்றி நாம் விரும்பிய அளவு அதில் கிடைக்கவில்லை. இஃது ஒரு குறையே.

1921-இல் தாயகம் திரும்பி, 1923-இல் சென்னைச் சட்டமன்ற மேலவையின் நியமன உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அவர் கொணர்ந்த தீர்மானம் வரலாற்றில் நிற்க வேண்டியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதுவாயினும் எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். அது நிறைவேறி, 1925-இல் அரசிதழில் வெளியிடப்பட்டது. அதே காலத்தில் திருவிதாங்கூரில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் போராட்டம் நிகழ்ந்துகொண்டிருந்தது. வைக்கத்தை அறிந்தோர் பலர். சென்னைத் தீர்மானத்தை அறிந்தோர் சிலரே. தெருவில் நடப்பதற்குச் சட்டம் வேண்டியிருந்த நாடு நம் நாடு என்பதைப் பாடநூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

1930-இல் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றார். அரண்மனை வரவேற்பில் 'தீண்டப்படாதவன்' என்று பொறித்த அடையாளத்தைச் சட்டையில் அணிந்து நின்றார் என்றும், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கைநீட்டியபோது தயங்கினார் என்றும் சொல்வர். தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் வினவ, எங்களில் ஒருவன் தெருவில் விழுந்துவிட்டால் மேற்குலத்தான் தூக்கிவிட மாட்டான் என்று விடையிறுத்தார். நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை மறையுரையில் விளக்கிய நமக்கு, அதனை ஒரே வாக்கியத்தில் மன்னருக்கு விளக்கிய இவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது எண்ணத்தக்கது.

ஆம், அவர் கிறிஸ்தவராகவில்லை. 1935-இல் மதம் மாறப்போவதாக அம்பேத்கர் அறிவித்தபோதும், நாம் வருணத்திற்குப் புறம்பானவர்கள், இல்லாத இடத்திலிருந்து வெளியேறுவது எப்படி என்னும் கருத்தினராகவே அவர் இருந்தார். திருச்சபையின் பள்ளிகளையும் மறைபரப்பாளர்களையும் நன்கு அறிந்த ஒருவர் நம் வாசலுக்குள் ஏன் நுழையவில்லை? அவர் சொன்ன காரணம் மேற்கூறியது. ஆனால் அவர் நுழைந்திருந்தால் என்ன கண்டிருப்பார் என்று நாமே கேட்டுக்கொள்ளலாம் அல்லவா? வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட திருக்குடும்ப ஆலயம், இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் திருப்பலி காண்பதற்கென்றே இரு கால்களாகப் பிரித்து அமைக்கப்பட்டது. நடுத்தடுப்பை அகற்ற இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அகற்றியபோது வழக்கும் கலகமும் மூண்டன.

வெகுதூரம் போக வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரளும் மக்களுள் யார் எவர் என்று கேட்பாரில்லாத இத்திருவண்ணாமலையின் மாவட்டத்திலேயே, தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரில், 2023 சனவரி 30-ஆம் நாள்தான் தாழ்த்தப்பட்ட மக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு மாரியம்மன் கோயிலுக்குள் சென்று பொங்கலிட்டனர். மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நடந்த 1939-க்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. செய்தியைப் படித்துப் பிற சமயத்தாரைப் பற்றிப் பேச நமக்கு நா எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. அதுவே நமக்கு உறக்கம் கெட்ட காரணம்.

இளங்குருவாக நாம் உதவிப் பங்குத்தந்தையாய்ப் பணியாற்றிய ஓர் ஊரில், பாதுகாவலர் திருவிழாவின் பத்தாம் நாள் சப்பரம் நான்கு தெருக்களைச் சுற்றி வரும். ஐந்தாம் தெரு ஒன்று உண்டு. அத்தெருவினரும் வரி கொடுப்பவர்களே. அவர்களே பந்தக்கால் நடுவர், தோரணம் கட்டுவர். சப்பரம் அத்தெருமுனை வரை சென்று, ஒரு கணம் நின்று, திரும்பும். அத்தெருப் பெண்கள் முனையிலேயே மெழுகுதிரியோடு காத்து நிற்பர். அவர்களுள் ஒரு மூதாட்டி, "சாமி, அந்தோணியாருக்கு எங்க தெரு மேடா இருக்குதுங்களா?" என்று நம்மிடம் கேட்டார். தூபக் கலசம் நம் கையில் இருந்தது. வழக்கம் அப்படி அம்மா, என்று சொல்லி நாம் திரும்பினோம். சாலைகள் எவருக்கும் உரியன என்று அரசிதழ் அறிவித்து அப்போது எழுபது ஆண்டுகள் நிறைந்திருந்தன.

தென்னாப்பிரிக்க ஆயர்கள் 1957-இல் நிறவெறிக் கொள்கையைத் தன்னியல்பிலேயே தீயது என்று கண்டித்தபோது, அதே அறிக்கையில், தங்கள் பள்ளிகளிலும் குருமடங்களிலும் கன்னியர் இல்லங்களிலும் அப்பிரிவினை நிலவுவதை ஒப்புக்கொண்டனர். பிறரைக் கண்டிக்கும் தாளிலேயே தம் பெயரையும் எழுதினர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003-இல் நம் தமிழக ஆயர்களிடம் சாதி உணர்வு உண்மையான மானிட ஒருமைப்பாட்டிற்கு எதிரானது என்று வெளிப்படையாகவே பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணமும் திருச்சபைக்குள் தீண்டாமை உண்டென்பதை மறைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர் இழந்த உரிமையை மீட்க ஆண்டுதோறும் கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம். அந்த நியாயமான கோரிக்கைக்காகக் கொடி பிடிக்கும் கையும் சப்பரத்தைத் திருப்பும் கையும் சில ஊர்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

இரட்டைமலையார் 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார். 2000-ஆம் ஆண்டு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது.

கேள்வி கேட்ட இளைஞரிடம் நூலைக் கொடுத்தோம். இரு நாள்களில் திருப்பிக் கொணர்ந்தார். தம் பாட்டனார் பிறந்த ஊர் எது என்பதை இதுவரை நம்மிடம் மாற்றிச் சொல்லி வந்ததாகக் கூறிவிட்டு, சற்றுநேரம் அமர்ந்திருந்து எழுந்து போனார். அன்று மாலை, நாம் உதவியாளராயிருந்த அப்பங்கின் இன்றைய தந்தைக்குக் கடிதம் எழுதினோம். ஐந்தாம் தெருவுக்குள் சப்பரம் இப்போது செல்கிறதா என்று கேட்டிருக்கிறோம். இல்லையெனில், திருவிழாவின் பத்தாம் நாள் அங்கு வர நமக்கு அனுமதி தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.