வால்யூம் பெயர்

கணினியின் சேமிப்புப் பகுதி ஒன்றுக்கு, அந்தப் பகுதிக்குள்ளேயே எழுதி வைக்கப்படும் பெயரே வால்யூம் பெயர். காந்த நாடா, ஃபிளாப்பி, குறுந்தட்டு, பென் டிரைவ், வன்வட்டில் பிரித்தெடுத்த பார்ட்டிஷன் என எதுவும் வால்யூமாக இருக்கலாம். டிரைவ் எழுத்து வேறு, வால்யூம் பெயர் வேறு. ‘டி’ என்பது அந்த நேரத்துக்குக் கணினி ஒதுக்கிய இடம். அதே பென் டிரைவை இன்னொரு கணினியில் செருகினால் ‘எஃப்’ ஆகிவிடலாம். வால்யூம் பெயரோ வட்டோடு கூடவே போகும். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளவும் ஒரு பெயர் வேண்டும், இயந்திரம் ஐயமின்றி இனம் காணவும் ஒரு பெயர் வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒரே பெயரின் மேல் ஏற்றியதும், பட்டுத் தெளிந்து பிறகு பிரித்ததும்தான் இதன் வரலாறு.

கழற்றி மாற்றக்கூடிய சேமிப்பு வந்த பிறகே இந்தத் தேவை கூர்மையடைந்தது. ஐபிஎம் 1962-இல் வெளியிட்ட 1311 டிரைவில் ஒரு வட்டுக்கட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். ஒரு கட்டில் சுமார் 20 லட்சம் எழுத்துகள் அடங்கும். அலமாரியில் பல கட்டுகள் இருக்கும்போது டிரைவில் இப்போது சுழல்வது எது? 1964-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசைக்காக எழுதிய ஓஎஸ்/360 இதற்கு முறையான விடை தந்தது. நாடாவின் தொடக்கத்திலும் வட்டின் முதல் தடத்திலும் 80 எழுத்து நீளத்தில் ஒரு பதிவு. அதற்குள் ஆறு எழுத்தில் வால்யூம் வரிசை எண். இன்ன வால்யூமை ஏற்றவும் என்று ஆபரேட்டருக்குச் செய்தி வரும். அவர் நாடாவை மாற்றி ஏற்றினால் சிஸ்டம் அந்தப் பதிவைப் படித்துப் பார்த்து, இறக்கிவிட்டு, மறுபடி கேட்கும். போன மாதச் சம்பளக் கணக்கின் மேல் வேறு கணக்கு எழுதப்படாமல் காத்தது இந்த ஆறு எழுத்து. எந்தக் கோப்பு எந்த வால்யூமில் என்பதை ஒரு பட்டியலே நினைவில் வைத்திருந்ததால், ஒரு கணினி நிலையத்துக்குள் இரண்டு வட்டுகளுக்கு ஒரே எண் வரக்கூடாது. அதன் வழிவந்த இன்றைய இசட்/ஓஎஸ்ஸிலும் அந்த எண் ஆறு எழுத்தைத் தாண்டவில்லை.

யூனிக்ஸ் வேறு வழியில் போனது. அதில் ஒரு வட்டை ஏதோ ஒரு கோப்பகத்தின் கீழ் இணைத்துவிட்டால் எல்லாம் ஒரே மரமாகிவிடும். பயனர் வட்டின் பெயரைத் தெரிந்துகொள்ளவே வேண்டியதில்லை. ஆனாலும் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில், கோப்பு முறைமையின் விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கில் ஆறு எழுத்துக்கு இரண்டு இடங்கள் விட்டிருந்தார்கள்: ஒன்று கோப்பு முறைமையின் பெயருக்கு, இன்னொன்று வட்டுக்கட்டின் பெயருக்கு. அந்தப் பதிப்பு அவற்றைக் கையாளவில்லை. பின்னர் வந்த யூனிக்ஸ்களில்தான் அவற்றை நிரப்புவதற்குக் கட்டளை வந்தது.

வீட்டுக் கணினிகளில் தொடக்கத்தில் பெயரே இல்லை. கேரி கில்டால் 1974-இல் உருவாக்கிய சிபி/எம்மில் ‘ஏ’, ‘பி’ என்ற எழுத்துகள் டிரைவைத்தான் குறித்தன. ஃபிளாப்பியை யாராவது நடுவில் மாற்றிவிட்டார்களா என்பதைக் கோப்பகத்தின் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுத்தான் அது ஊகித்தது. கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் அந்த டிரைவில் எழுத விடாது. வட்டுக்குப் பெயர் இல்லாததால் வந்த சுற்றுவழி இது.

1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் இதே எழுத்து முறையை எடுத்துக்கொண்டது. 1983-இன் 2.0 பதிப்பில்தான் வட்டுக்குப் பெயர் வந்தது. அதற்கென்று தனி இடம் ஒதுக்கவில்லை. மூலக் கோப்பகத்தில் ஒரு கோப்பைப் போலவே ஒரு பதிவு போட்டு, ‘இது கோப்பு அல்ல, வால்யூம் பெயர்’ என்று ஒரு கொடியை மட்டும் ஏற்றினார்கள். கோப்புப் பெயருக்கு எட்டு, நீட்டிப்புக்கு மூன்று என்றிருந்த இடத்தைச் சேர்த்தே பெயருக்குத் தந்ததால் 11 எழுத்து என்ற வரம்பு பிறந்தது. 40 ஆண்டுகள் கழித்து இன்று பென் டிரைவுக்குப் பெயர் வைப்பவரும் அந்த வரம்பில்தான் முட்டிக்கொள்கிறார்.

அந்த ஒற்றைக் கொடி யாரும் எதிர்பாராத இன்னொரு வேலையும் செய்தது. 1995-இல் விண்டோஸ் 95 நீளமான கோப்புப் பெயர்களைக் கொண்டுவந்தபோது, பழைய நிரல்கள் குழம்பாமல் அவற்றை எங்கே ஒளித்து வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. படிக்க மட்டும், மறைவானது, சிஸ்டத்துக்குரியது, வால்யூம் பெயர் ஆகிய நான்கு கொடிகளையும் சேர்த்து ஏற்றிய பதிவுகளில் நீளப் பெயரைத் துண்டு துண்டாக எழுதினார்கள். பழைய டாஸ் அவற்றை ஏதோ வால்யூம் பெயர் என்று கருதித் தாண்டிப் போனது. பழைய வடிவத்தை உடைக்காமல் புதியதை நுழைத்ததில் இதைவிடச் சாமர்த்தியமான உத்தியைக் காண்பது அரிது.

இதற்கு முன்பே, 1988-இல் வந்த டாஸ் 4.0, பார்மட் செய்த தேதியிலிருந்தும் நேரத்திலிருந்தும் கணக்கிட்ட நான்கு பைட் வரிசை எண்ணை, வட்டின் தொடக்கத்திலுள்ள பூட் செக்டரில் எழுதத் தொடங்கியிருந்தது. இயந்திரத்துக்கான அடையாளம் மனிதருக்கான பெயரிலிருந்து பிரிந்த இடங்களில் இது ஒன்று. ஆனால் அங்கேயே பெயருக்கும் ஒரு நகல் வைத்தது வினையாயிற்று. பெயரை மாற்றும் நிரல்கள் பல கோப்பகத்தில் மட்டும் மாற்றும். பூட் செக்டரில் பழைய பெயரோ, பெயரில்லை என்ற குறிப்போ தங்கிவிடும். அந்த நகலை மட்டும் படித்த லினக்ஸ் கருவிகள் ஒரு பெயரையும் விண்டோஸ் வேறு பெயரையும் காட்டியதற்குக் காரணம் இதுதான்.

பெயரை மையத்திலேயே வைத்தவை மேகின்டாஷும் அமிகாவும். மேகின்டாஷில் வட்டின் பெயர் திரையிலேயே தெரியும். கோப்பின் முழுப் பாதையும் அந்தப் பெயரில்தான் தொடங்கும். 1985-இல் வந்த அமிகா, தேவையான ஃபிளாப்பியைப் பெயர் சொல்லிக் கேட்டு, எந்த டிரைவில் வேண்டுமானாலும் போடலாம் என்றது. பயனரின் பக்கமிருந்து பார்த்தால் இதுவே சரியான முறை. ஒரே பெயரில் இரண்டு ஃபிளாப்பிகள் இருந்தால், அவை உருவான நேரத்தைக் கொண்டு பிரித்தறிந்தது. 1988-இன் ஐஎஸ்ஓ 9660 தரம் குறுந்தட்டுக்கு 32 எழுத்து தந்தது. ஆனால் பெரிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதையும் அது அனுமதிக்கவில்லை.

பெயரை மட்டும் நம்புவதன் ஆபத்தை லினக்ஸ் தெளிவாக எதிர்கொண்டது. அங்கே வட்டுகளுக்குக் கண்டறியும் வரிசைப்படி ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ என்று பெயர் விழும். ஒரு வட்டைக் கூட்டினாலே வரிசை கலையும். ஐடிஇ வட்டுகளை இயக்கும் நிரல் மாறியபோது ‘எச்டிஏ’ என்றிருந்தவை ‘எஸ்டிஏ’ ஆயின. ஆகவே சாதனப் பெயரை விட்டு, ஈஎக்ஸ்டி2 என்ற கோப்பு முறைமை தன் சூப்பர்பிளாக்கில் 16 பைட் ஒதுக்கியிருந்த லேபிளைக் கொண்டு வட்டைத் தேடச் செய்தார்கள். ரெட் ஹாட் நிறுவல் நிரல் மூலப் பார்ட்டிஷனுக்கு ‘/’ என்றே லேபிள் இட்டது. ரெட் ஹாட் நிறுவிய இன்னொரு கணினியின் வட்டை எடுத்து இதில் மாட்டினால் இரண்டு ‘/’ வந்துவிடும். எதை ஏற்றுவது என்று தெரியாமல் கணினி திணறும். மனிதர் வைக்கும் பெயர் எளிமையாக இருப்பதே நல்லது, ஆனால் எளிய பெயர்கள்தான் அடிக்கடி மோதும். இந்த முடிச்சை அவிழ்த்தது யூயூஐடி. 1980-களில் அப்போலோ கம்ப்யூட்டர் நிறுவனத்தில் உருவான இந்த 128 பிட் எண் தற்செயலாக இரண்டு முறை வராது என்று கொள்ளலாம். இன்று பெரும்பாலான லினக்ஸ் நிறுவல்கள் வட்டை இதைக்கொண்டே தேடுகின்றன. லேபிள் மனிதரின் கண்ணுக்காக மீந்திருக்கிறது.

அந்த எண்ணையும் மனிதர் இரட்டிப்பாக்க முடியும். ஒரு வட்டை பைட்டுக்கு பைட் நகலெடுத்தால் யூயூஐடியும் நகலாகிவிடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அத்தகைய இரண்டாவது வால்யூமை இணைக்க மறுக்கும். புது எண் கொடுக்க வேண்டும், அல்லது சோதிக்காதே என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கண்டிப்பு நியாயமானது. இரண்டில் எது அசல் என்று கணினி ஊகிப்பதைவிட நின்றுவிடுவதே மேல்.

தமிழில் வால்யூம் பெயர் வைப்பது கோப்பு முறைமையைப் பொறுத்தது. எஃப்ஏடி32 பழைய குறிமுறைப் பக்கங்களைச் சார்ந்தது. அவற்றில் தமிழுக்கு இடமில்லை. என்டிஎஃப்எஸ் யூனிகோடில் 32 அலகுகளும், எக்ஸ்ஃபேட் 11 அலகுகளும் தருகின்றன. புள்ளியும் துணைக்கால் போன்ற குறிகளும் தனித்தனி அலகாக எண்ணப்படும் என்பதால், ஏழு எழுத்துள்ள ‘என் படங்கள்’ இடைவெளியோடு சேர்த்துச் சரியாக 11 அலகாகி எக்ஸ்ஃபேட்டில் அடங்கும். ஈஎக்ஸ்டி4 பைட்டில் அளக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். ‘படங்கள்’ மட்டுமே 21 பைட் ஆகிறது, இருப்பதோ 16. ‘படம்’ 12 பைட்டில் அடங்கிவிடும்.