ஒரு பேனா, ஒரு புஷ், கொஞ்சம் துப்பாக்கிகள்

போன மாதம் அப்பா ரிட்டயர் ஆனார். 33 வருடம் கணக்கு எழுதிய மனிதருக்குக் கடையில் வாங்கிய பேனாவைக் கொடுக்க மனசு வரவில்லை. தேக்கில் நானே கடைந்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் தெருவில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் "வாடா, சொல்லித் தர்றேன்" என்றார். சொல்லித்தான் தந்தார். ஆனாலும் பேனா வீணாகிப் போனது. ஏன் என்று தேடப் போய் பிரெஞ்சுத் துப்பாக்கி வரைக்கும் போய்விட்டேன். பி.காம் படிக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கப் போகும் நண்பர்களுக்கு: பொறுங்கள், நடுவில் காஸ்டிங்கும் வருகிறது :-)

முதலில் புஷ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பேனா கிட்டில் முள், வளையம், கிளிப் எல்லாம் உலோகத்தில் தயாராக வரும். உடம்பு மட்டும் நாம் செய்ய வேண்டியது. மரக்கட்டையில் துளை போட்டு அதற்குள் பித்தளைக் குழாயை ஒட்டி, மாண்ட்ரல் என்கிற எஃகுக் கம்பியில் கோத்து, லேத்தில் மாட்ட வேண்டும். கட்டையின் இரண்டு பக்கமும் சின்ன எஃகு வளையம் ஒன்று உட்காரும். அதுதான் புஷ். அதன் வெளிவிட்டம், அந்த இடத்தில் வந்து பொருந்தப் போகும் உலோகப் பாகத்தின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும். மரத்தைக் கடைந்து இறக்கிக்கொண்டே வந்து, புஷ்ஷின் மட்டத்தைத் தொட்டதும் உளியை எடுத்துவிட வேண்டும். அளவுகோலே வேண்டாம்.

நான் மாட்டியது வேறொரு கிட்டின் புஷ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பேனாவின் வளையம் 8.38 மி.மீ., என் புஷ் 7.98 மி.மீ. வித்தியாசம் 0.4, அதாவது பக்கத்துக்கு 0.2. ஆசாரிகள் 'ஒரு நூல்' என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3 மி.மீ.க்கும் மேல். நான் தவறவிட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் விரலை ஓட்டினால் வளையம் படிக்கட்டு மாதிரி தட்டுகிறது! எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

அண்ணன் திட்டவில்லை. "புஷ் அளவு காட்டாதுடா, அதுவே அளவு" என்றார். ஸ்கேலும் வெர்னியரும் எண்ணைச் சொல்லும். புஷ் எந்த எண்ணையும் சொல்லாது, 'இவ்வளவுதான், நிறுத்து' என்று மட்டும் சொல்லும். இப்படிப்பட்ட சாமானுக்குத் தொழிற்சாலைகளில் கேஜ் என்று பெயர்.

இந்த கேஜ் எப்படி வந்தது என்பதுதான் கதை. 18ஆம் நூற்றாண்டில் துப்பாக்கியின் விசைப்பூட்டை ஒவ்வொன்றாக அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருத்தித்தான் செய்தார்கள். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் சேராது. பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் அச்சுகளும் கேஜ்களும் வைத்து, எல்லாப் பூட்டுகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி செய்தார். 1785ல் அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அவர் பட்டறைக்குப் போனார். 50 பூட்டுகளுக்கான பாகங்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்து அவரே பூட்டிப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் பிரெஞ்சுத் துப்பாக்கிக் கொல்லர்கள் பிளாங்கை விரும்பவில்லை. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அளவு கையில் இருக்கும்வரை கூலியைப் பேசுவது கை. அளவு எஃகுக்குள் போய்விட்டால்?

அமெரிக்காவில் இந்தப் புகழ் நெடுங்காலம் ஈலை விட்னிக்குப் போய்க்கொண்டிருந்தது. 1798ல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டு, இரண்டு சொச்சம் வருடத்தில் முடிக்கிறேன் என்றார். 1801ல் வாஷிங்டனில் ஜெஃபர்சன் முன்னால் பாகங்களை மாற்றி மாற்றிப் பூட்டிக் காட்டி எல்லோரையும் மயக்கினார். சரக்கு முழுக்கப் போய்ச் சேர்ந்தது 1809ல்! பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தால், பாகங்கள் மாறிப் பொருந்தவே இல்லை. எல்லாம் அரம் போட்டுச் சரிசெய்தவை.

உண்மையில் செய்து காட்டியவர் பெயர் பாடப்புத்தகத்தில் வராத ஜான் ஹால். 1819ல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதச்சாலையில் 1,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் வாங்கினார். ஒரு துப்பாக்கிக்கு 63 கேஜ்கள். இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்து போனால் பிழை வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். அதனால் எல்லா அளவையும் ஒரே புள்ளியிலிருந்து எடுத்தார். அப்புறம், கேஜும் தேயும் அல்லவா? தொழிலாளிக்கு ஒரு செட், பரிசோதகருக்கு ஒரு செட், இரண்டையும் சரிபார்க்க யாரும் தொடாத மாஸ்டர் செட் ஒன்று. ஆடிட்டருக்கு ஆடிட்டர் வைத்த மாதிரி. சில வருடம் கழித்து ஒரு குழு வந்து துப்பாக்கிகளைப் பிரித்து, கலந்து, புதுக் கட்டைகளில் பூட்டிப் பார்த்தது. பொருந்தின.

இப்போது காஸ்டிங். முதல் 1,000 துப்பாக்கிகள் முடியவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. காசு முழுக்க கேஜுக்கும் இயந்திரத்துக்கும் போனது. ஒரு துப்பாக்கிக்கு வகுத்துப் பார்த்தால் கையால் செய்வதே மலிவு. ஃபிக்சட் காஸ்ட்டை அரசாங்கம் சுமந்ததால்தான் இது பிழைத்தது. நம் புத்தகங்களில் 'மாற்றத்தக்க பாகங்கள் செலவைக் குறைத்தன' என்று ஒரே வரியில் வரும். குறைத்தது பிற்பாடு, வேறு ஆட்களுக்கு.

செலவு காசு மட்டுமில்லை. அதே ஊரின் பெரிய ஆயுதச்சாலையில் கறார் ஒழுங்கு கொண்டுவந்த மேலாளர் தாமஸ் டன் என்பவரை, வேலையிழந்த தொழிலாளி ஒருவர் 1830 ஜனவரியில் அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார். கேஜ்தான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் தன் நேரத்தையும் தன் அளவையும் தானே வைத்துக்கொண்டிருந்த கைவினைஞர்களின் ஊர் அது.

ஹாலின் தொந்தரவு, ஒவ்வொரு அளவுக்கும் தனி கேஜ் வேண்டும் என்பது. சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் இருந்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் இதற்கு வழி கண்டார். 1896ல் ஜெர்மனியின் மௌசர் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பும்போது தோன்றிய யோசனையாம். மொத்தம் 102 எஃகுக் கட்டைகள்: 1.01 முதல் 1.49 மி.மீ. வரை 49, அரை அரையாக 0.5 முதல் 24.5 வரை 49, பிறகு 25, 50, 75, 100. சேர்த்து அடுக்கினால் நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தில் ஏறக்குறைய 20,000 அளவுகள்! என் பேனாவின் 8.38க்கு 1.38ம் 7ம் போதும். கட்டைகளைத் தேய்த்து முடிக்க, மனைவியின் தையல் மெஷினையே மாற்றி அமைத்துக்கொண்டார் மனிதர். (அந்த அம்மா என்ன சொன்னாரோ.) பிறகு 1923ல் ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். அங்குலம் இங்கிலாந்தில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று என்று நூலிழையிலும் நூலிழை வேறுபட்டிருந்த காலத்தில், இவர் தன் கட்டைகளுக்கு 25.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டார். 1959ல் ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒப்புக்கொண்டதும் அதே எண்தான்.

இதற்கெல்லாம் வெளியேயும் பேனா செய்யலாம். காந்திக்குக் கொடுத்து, 1935ல் அவரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வாங்கிய ராஜமுந்திரி ரத்னம் பேனா எபொனைட்டில் கையால் கடைந்தது. மூடியையும் உடம்பையும் ஒரே கை கடையும்போது, அந்த மூடி அந்த உடம்புக்குப் பொருந்தினால் போதும். கிட் பேனாவில் வளையம் செய்தவர் யாரோ, மரம் கடைபவர் யாரோ. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது அந்த புஷ் மட்டும்தான்.

இரண்டாவது பேனாவுக்குச் சரியான புஷ்ஷையே மாட்டினேன். அண்ணன் மைக்ரோமீட்டரை நீட்டி "அளந்து பாரு" என்றார். 8.31. வருடக்கணக்காக மரத்தோடு சேர்ந்து உப்புத்தாளில் தேய்ந்திருக்கிறது. அதனால் புஷ்ஷை நம்பாமல், கிட்டில் இருந்த வளையத்தையே அளந்து வைத்துக்கொண்டு, அந்த அளவு வந்ததும் நிறுத்தினேன். விரலில் ஒன்றும் தட்டவில்லை. பாலிஷ் மட்டும் பாக்கி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.